141-ஐ யார் காப்பது?

1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் இருக்கையை விட்டு எழ மறுத்த பேருந்து, 1948-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்தது. ஓய்வுக்குப் பின் வயலில் கருவிக் கொட்டகையாகக் கிடந்த அதை, 2001-இல் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் 492,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்துப் புதுப்பித்தது.

நாம்? கோலாலம்பூர்-கோலசிலாங்கூர் வழியில் ஓடிய சிலாங்கூர் ஆம்னிபஸ் 141-ஐ எந்த அருங்காட்சியகத்திலும் நான் கண்டதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடியும். இடைநிலைப்பள்ளிக்குப் பட்டணம் போகப் பஸ்தான் துணை. (பட்டம் வாங்கியதும் நமக்குக் கார்தான் நினைவிருக்கிறது!) பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, பழைய ஊர்ப்பலகையும் போயிற்று. வண்டி போனாலும், டிக்கெட் கிழித்தவர்களின் நினைவுகளையாவது நம் கழகம் இவ்விடுமுறையிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் விசாரிக்கத் தொடங்கலாம்.