நாலு வருஷம் ஆச்சுன்னா மாத்திரைக்கு டெஸ்ட் வேண்டாமா?

தோழர்களே, "ஜெனரிக் மாத்திரை எதையும் மனுஷனுக்குக் கொடுத்து டெஸ்ட் பண்றதே இல்ல, வெறும் சுண்ணாம்பு"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிப்ட் குரூப் வரைக்கும் வந்தாச்சு. இதுல பாதி பொய். மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டியது ஒன்றிய சுகாதார அமைச்சகம்.

முதல்ல பொய்யை முடிச்சிடுவோம். எல்லா ஜெனரிக்குக்கும் மனிதர்களிடம் சோதனை தேவையில்லை. 1995இல் அமிடான் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் குழுவும் மருந்துகளை 4 வகையாகப் பிரித்தார்கள். கேள்வி ரெண்டே ரெண்டு. தண்ணியில நல்லா கரையுதா? குடல் வழியா ரத்தத்துக்குள்ள நல்லா போகுதா? நல்லா கரையுற 1, 3ஆம் வகை மருந்துன்னா லேப்ல கரைச்சுப் பார்த்தே முடிவு சொல்லலாம். 3ஆம் வகைன்னா உலக அளவுகோல் இன்னும் கறார்: 15 நிமிஷத்துல 85 சதவீதம் கரையணும். உங்க அம்மா போடுற சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இந்த 3ஆம் வகைதான். இது வேதியியல் கொடுத்த விலக்கு. நமக்கு அதுல சண்டையே இல்ல.

சண்டை எங்கன்னா, சரியா கரையாத 2, 4ஆம் வகையில. வலிப்புக்குக் கொடுக்குற கார்பமசெபின், ஃபெனிடாயின் எல்லாம் 2ஆம் வகை. 1960களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஃபெனிடாயின் கேப்ஸ்யூலில் கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்து அதேதான், மில்லிகிராமும் அதேதான். ஆனா ரத்தத்துல மருந்தளவு எகிறி நோயாளிகளுக்கு அதுவே விஷமாச்சு.

இது தெரிஞ்சும் இங்கே என்ன விதி வெச்சிருந்தாங்க? புது மருந்துன்னா முதல் 4 வருஷம் டெல்லி அனுமதி, மனிதர்களிடம் சோதனை. 4 வருஷம் கழிச்சு வர்ற கம்பெனிக்கு மாநில லைசென்ஸ் போதும், அந்தச் சோதனை கட்டாயமில்ல. நாலு வருஷத்துல மருந்து கரையக் கத்துக்குமா? இது காலண்டர் கொடுத்த விலக்கு!

2017 ஏப்ரலில்தான் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, 2, 4ஆம் வகைக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அதுவும் புதுசா லைசென்ஸ் கேட்டு வர்றவங்களுக்கு. அதுக்கு முன்னாடி வாங்கினவங்களை அந்தத் திருத்தம் தொடவே இல்ல. "அப்போ பிராண்டு மருந்தே வாங்கிடலாம்"னு நினைக்காதீங்க. இங்க விற்கிற பெரும்பாலான பிராண்டும் பெயர் ஒட்டின ஜெனரிக்தான், அதே லைசென்ஸ் கதைதான்.

நம்ம ஊர் ரோலிங் மில்லுல உலை பக்கத்துல நிக்கிற ஒரு ஒப்பந்தத் தொழிலாளிக்கு வலிப்பு நோய்னு வெச்சுக்குங்க. அவர் கையில இருக்குற அட்டை 2016 லைசென்ஸா, 2018 லைசென்ஸா? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. சரியா கரையாத ஒரு பேட்ச் போதும், உலை முன்னாடியே சரிஞ்சிடுவார்.

"சின்னக் கம்பெனிகள் செலவைத் தாங்காது"ன்னு ஒரு சாக்கு வரும். அப்போ அரசு மானியம் கொடுக்கட்டும். அந்தச் செலவைத் தொழிலாளி உடம்புல ஏத்தாதீங்க.

நம்ம கோரிக்கை இதுதான்: 2017க்கு முந்தைய 2, 4ஆம் வகை மாத்திரைகள் எல்லாத்துக்கும் கெடு வெச்சு சோதனை. முடிவை அட்டையிலேயே அச்சடிக்கணும்.

ஃபார்வர்டைப் பார்த்துட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. வலிப்பு மாத்திரைக்குக் கடையில வேற கம்பெனி அட்டை கொடுத்தா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. அந்த ஃபார்வர்டு வந்த குரூப்புலயே இந்தப் பதிவைப் போடுங்க.

#பழைய_லைசென்ஸுக்கும்_டெஸ்ட்_வை