நரம்பு வேறு, குருதிக்குழல் வேறு

செயமங்கலத்து வயல்களில் குனிந்து நாற்று நடும் பெண்டிரும், கம்பம் பள்ளத்தாக்கின் கொடிமுந்திரிப் பந்தல்களில் நாள் முழுதும் நின்று குலை பறிப்போரும், கெண்டைக்காலில் நீலம் பாரித்துப் புடைத்தெழுவதைக் காட்டி, "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பர். பழந்தமிழில் யாழின் நாணும் உடலின் இழையும் நரம்பே. அன்று அது குறையன்று. இன்றோ அச்சொல் நோயாளியை வழிபிறழச் செய்கின்றது. நரம்புக்கு வலுவூட்டும் மாத்திரையை விழுங்குகின்றனர், எண்ணெயிட்டு உருவுகின்றனர். புடைத்தது நரம்பன்று, காலிலிருந்து நெஞ்சாங்குலைக்குக் குருதியை மீட்டுச்செல்லும் குழல். அதனுள் மேல்நோக்கி மட்டுமே வழிவிடும் தடுக்கிதழ்கள் தளர்ந்தால் குருதி கீழிறங்கித் தேங்கும். நாளடைவில் கணுக்கால் கறுத்துப் புண்ணாகும்.

இத்தேக்கத்தை ஊசியின்றிக் கண்ணுக்குக் காட்டும் ஒளிப்படக் கருவிகள் வந்துள்ளன. 1800-இல் வில்லியம் எர்செல் கண்டறிந்த கதிரே அவற்றுக்கு அடிப்படை. (பாடநூல்கள் அதனை 'அகச்சிவப்பு' என்கின்றன. அது சிவப்பின் அகத்தே இருப்பதன்று, கீழே இருப்பது; 'கீழ்ச்சிவப்பு' என்பதே பொருந்தும்.) அக்கதிரில் சிவப்பை அடுத்துள்ள பகுதி தோலுள் சில மில்லிமீட்டர் நுழையும். 760 நானோமீட்டர் அலைநீள அளவில், உயிர்வளி குறைந்த குருதி அதனை மிகுதியாக உறிஞ்சுவதால் குழல்கள் கரிய கோடுகளாகத் தோன்றும். இக்கதிரை உணரும் சிறு கருவியைக் காலில் பொருத்தி, அடியைப் பத்துமுறை மேலும் கீழும் அசைக்கச் செய்வர். கெண்டைத்தசை குருதியை மேலே பிழிந்து தள்ளும். பின் ஓய்ந்திருக்கையில் குழல்கள் மீண்டும் நிரம்ப, நல்ல காலில் 25 நொடிக்கு மேலாகும். 20 நொடிக்குள் நிரம்பினால் தடுக்கிதழ் பழுதென்பது தெளிவு. ஆழத்துக் குழல்களை இவ்வொளி எட்டாது. அதற்கு மீயொலிக் கருவியே வேண்டும்.

கருவி காட்டியதை அவ்வுழத்திக்கு எடுத்துச் சொல்பவர் யார்? மருத்துவர் 'வெரிகோஸ் வெயின்' என்பார். பாடநூல் 'சிரை' என்னும், அது வடசொல். 'மீள்குழல்' என்று சொல்லிப் பாருங்கள்! எழுத்தறியாதவளும் அதன் தொழிலை உணர்வாள்.

மருத்துவம் தமிழில் இயலாதென்பார் யாழ்ப்பாணத்தை அறியாதவர். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1860-களிலேயே தமிழில் மருத்துவங் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூலை 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளியிட்டார். பெயரில் வடமொழி மலிந்ததுதான்; ஆயினும் அயலான் ஒருவனுக்கிருந்த துணிவு தமிழ் மருத்துவர்க்கு இன்றும் வரவில்லையே!

கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டுமென 2021-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது, நன்று. சேற்றில் நிற்பவளுக்கு அச்சட்டம் எட்டாது. அவள் கையிற் கிடைப்பது ஆய்வுத் தாள் ஒன்றே. அதில் மீள்குழல் பழுது, நெடுநேரம் அசையாது நிற்றலாகாது, படுக்கையில் காலை உயர்த்தி வைக்க, இறுக்கக் காலுறை அணிக என்னும் நான்கையேனும் தமிழில் எழுதித் தருமாறு அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஆணை பிறக்க வேண்டும்.