தள்ளியது சனியா, மணலா?

இரண்டு சக்கர வண்டியில் ஏறினவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது விழுந்தே இருக்கிறார்கள். "நான் விழுந்ததே இல்லை" என்று சொல்லுகிறவர்கள் ஒன்று நேற்றுத்தான் வண்டி வாங்கினவர்களாயிருக்க வேண்டும். அல்லது தாங்கள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்களாயிருக்க வேண்டும். வேகமாய்ப் போய் லாரியில் மோதி உயிர் போகிற கோரத்தைப் பற்றி நாம் இங்கு பேச வரவில்லை. தெரு முனையில் திரும்பும்போதும், பால் வாங்க நிறுத்தும்போதும், நடக்கிற வேகத்திலேயே வண்டியும் ஆளுமாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வந்தோம். முழங்காலில் கொஞ்சம் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி உடைதல், நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்கிற வெட்கம், இவ்வளவுதான் நஷ்டம். ஆனால் நமது ஜனங்கள் கையில் இவ்வளவு அற்ப விஷயம் அகப்பட்டால்கூட, அதை ஒரு ஜோசியனுக்கு வரும்படியாகவும், ஒரு பெண்ணை வீட்டிற்குள் உட்கார வைக்கச் சாக்காகவும் ஆக்கிக்கொள்ளாமல் விடுவதில்லை.

இதற்கு உதாரணம் தேடி நான் வெகு தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் பொழிச்சலூரில், என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன். என் துணைவியார் குரோம்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். பல்லாவரம் வழியாய் ஆறேழு கிலோமீட்டர் போகவேண்டும். ஸ்கூட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் மாலை வீடு திரும்பும்போது, எங்கள் தெரு முனையில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் பாதித் தெரு வரை பரவிக் கிடந்தது. அதன்மேல் திரும்பினார். குறுக்கே ஒரு நாய் வந்தது. ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையிலேயே வலது கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். வண்டி படுத்துவிட்டது. முழங்காலிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்தது, வேறொன்றும் இல்லை.

வீட்டிற்கு வந்ததும் என் தாயார் காயத்தைப் பார்க்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "இவளுக்கு ஏழரை நடக்குது, நான் அப்பவே சொன்னேன்" என்றார். பக்கத்து வீட்டு அம்மாள், "ஒன்பது சனிக்கிழமை எள்ளு விளக்குப் போடும்மா, வண்டியை வித்துடு, பொம்பளைக்கு எதுக்கு அது" என்று தீர்ப்பே கூறிவிட்டார். எங்கள் ஊரில்தான் அகத்தீசுவரர் கோவில் இருக்கிறதே! அதற்கு "வட திருநள்ளாறு" என்று பட்டம் கட்டி, சனி தோஷம் போகுமென்று சொல்லி, வெளியூரார்கூட வந்து போகிறார்கள். எங்களுக்கு அந்தப் பஸ் செலவும் மிச்சம்.

இதற்கு இரண்டு வருஷத்திற்கு முன்னால் நானும் விழுந்தவன்தான். பம்மல் போகிற வழியில், மழை நாளில், வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். ஊன்றின இடம் தண்ணீர் மூடிய பள்ளம். நின்ற வண்டியோடு நின்றபடியே சாய்ந்தேன். அன்றைக்கு இதே தாயார், "ஆம்பளைன்னா நாலு தரம் விழுந்துதான் எழுந்திருப்பான்" என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தார். பஞ்சாங்கம் பரண்மேல் கிடந்தது. ஒரே வீட்டில், ஒரே மாதிரி வீழ்ச்சிக்கு, ஆண்பிள்ளைக்குக் காப்பியும் பெண்பிள்ளைக்குச் சனியும் வந்து சேர்ந்ததற்கு எந்தக் கிரகம் காரணம் என்று எந்த ஜோசியனாவது சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுகிறோம்.

நிற்க, இந்தச் சனியின் கணக்கைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. சனிக்கிரகம் சூரியனைச் சுற்றிவர சுமார் 29½ வருஷமாகிறது. ஆகவே ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்த ராசி, அதற்கு முன் ராசி, பின் ராசி ஆக மூன்றுக்குமாக ஏழரை. அப்படியானால் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் 12 ராசிக்காரரில் 3 ராசிக்காரருக்கு ஏழரைச் சனி இருந்தே தீரவேண்டும். இது போதாதென்று அஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, அர்த்தாஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, கண்டச் சனி ஒரு ராசிக்கு. கூட்டிப் பாருங்கள், ஆறாயிற்று. அதாவது இந்த நாட்டில் எந்நேரமும் பாதி ஜனங்கள் சனியின் பிடியில் இருக்கிறார்கள்! மீதிப் பாதிக்கு இராகுகாலம், எமகண்டம், குளிகை என்று தினம் நாலரை மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு வலையையும் விரித்துவிட்டு, விழுந்தவன் அதில் ஒன்றிலாவது சிக்கவில்லை என்றால்தானே ஆச்சரியம்?

அன்றியும் அந்தச் சனி இருக்கிற தூரம் என்ன? பூமிக்கு மிகவும் கிட்டே வருகிற காலத்திலும் சுமார் 120 கோடி கிலோமீட்டர். ஒளியே அங்கிருந்து இங்கு வந்து சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாகிறது. ஆதலால் சனி பகவான் என் துணைவியாரைத் தள்ள உத்தேசித்திருந்தால், அவர் கடையில் உட்கார்ந்து கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தபோதே தள்ளியிருக்க வேண்டும்! காசினி என்ற யந்திரம் 2004 முதல் 2017 வரை சனிக்குப் பக்கத்திலேயே சுற்றி, அதன் வளையங்களையும் சந்திரன்களையும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஏழரை அல்ல, பதின்மூன்று வருஷம்!

தோஷம் போக்கச் செய்கிற காரியங்களாவது சும்மா இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. ஆயுத பூஜைக்கு வண்டிக்குத் திருஷ்டி கழிப்பதாய்ச் சொல்லி நடு ரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார்கள். அந்தச் சதையின்மேலும் விதையின்மேலும் அடுத்து வருகிற வண்டிக்காரன் சறுக்கி விழுகிறான். ரோட்டில் உடைக்காதீர்கள் என்று வருஷா வருஷம் போலீசார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவனுடைய திருஷ்டி இன்னொருவனுடைய முழங்காலாய் முடிகிறது. படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. 2019ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிரான்ஸ் தேசத்தில் ரபேல் போர் விமானத்தை வாங்கிக்கொள்ளப் போன இந்திய ராணுவ மந்திரியே அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார் என்றால், பொழிச்சலூர் அம்மாளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, சனி தள்ளவில்லை, பின் யார் தள்ளியது என்று கேட்பீர்கள். இரண்டு சக்கர வண்டிக்கு ஓடுகிறபோது ஒரு குணமும் மெதுவாய்ப் போகிறபோது ஒரு குணமும் உண்டு. கொஞ்சம் வேகத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தால், முன் சக்கரம் தானே அந்தப் பக்கம் திரும்பி வண்டியை நிமிர்த்திவிடுகிறது. இது சக்கரம் பம்பரம்போல் சுழல்வதால்தான் என்று வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மட்டும் காரணமல்ல என்று டச்சு, அமெரிக்க விஞ்ஞானிகள் தனியாக ஒரு சைக்கிள் செய்து ஓடவிட்டுக் காட்டி, 2011ஆம் வருஷத்தில் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். கேள்வி கேட்டுத் தன் பழைய பதிலையே திருத்திக்கொள்ளுகிற புத்தி பஞ்சாங்கத்திற்கு என்றைக்காவது உண்டா? அது கிடக்கட்டும். நடக்கிற வேகத்தில் இந்த உதவி வண்டியிடமிருந்து கிடைப்பதில்லை. நம்முடைய கையும் இடுப்பும்தான் அதை நிறுத்தவேண்டும். ஸ்கூட்டரோ நூறு கிலோவுக்கு மேல். சிறிது சாய்ந்தவரையில் ஒரு காலால் தாங்கலாம். அந்த எல்லை தாண்டினால் பயில்வானாலும் தாங்க முடியாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் பாரமெல்லாம் திரும்பிய பக்கமாய் வந்து விழுகிறது. கீழே மணலும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே மெதுவாய்த் திரும்பும்போது பின் பிரேக்கை மிருதுவாய்ப் பிடிக்கவேண்டும். கண் முன் சக்கரத்தைப் பாராமல், போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவன் பள்ளத்திற்குத்தான் போய்ச் சேருகிறான்.

இன்னொரு விஷயம். "இதோ பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று ஹெல்மெட்டை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிற எந்தப் பொருளும் தரையை அடையும்போது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் அடைகிறது. நின்ற வண்டியோடு சாய்கிறவனுடைய தலைக்கும் அதே கணக்குத்தான். வண்டி ஓடவில்லை, ஆனால் தலை ஓடுகிறது!

விழுந்தவர் சிராய்ப்பைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கழுவவேண்டும். காப்பித்தூள், அடுப்புச் சாம்பல் ஒன்றும் அதில் அப்ப வேண்டாம். தடை ஊசி போட்டு வெகு நாளாகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளவேண்டும். கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலி விடாமல் இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்குமுன் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அங்கே சிறு எலும்பு முறிந்திருந்தும் வெளியே தெரியாமல் இருப்பதுண்டு. தலையில் அடிபட்டு, வாந்தியோ, மயக்கமான தூக்கமோ, விடாத தலைவலியோ கண்டால் இரத்தம் வராவிட்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வேப்பிலைக்காரனிடம் அல்ல. வண்டியையும் பார்க்கவேண்டும்: பிரேக் பிடி வளைந்திருக்கிறதா, ஹேண்டிலும் சக்கரமும் ஒரே நேராய் இருக்கின்றனவா, முறுக்கின ஆக்ஸிலேட்டர் விட்டதும் திரும்புகிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா. கை நடுங்குகிறபோது மட்டும் வண்டியை எடுக்கக்கூடாது.

இவ்வளவும் சுலபம். காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆறாமல் நின்றது பயந்தான். என் துணைவியார் ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. காலையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்று, அதில் நெருக்கி உட்கார்ந்து, மீதியை நடந்து, கடைக்கு நேரம் கழித்துப் போய்ப் பேச்சுக் கேட்டார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் கேட்டார். விளக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் ஸ்கூட்டர் வாங்க, 2018ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் பாதி விலை, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், கொடுத்தது. பிற்பாடு அந்தத் திட்டம் நின்றுபோயிற்று. அரசாங்கம் பாதி விலை கொடுத்து வாங்கச் செய்ததை, வீட்டார் ஒரு சிராய்ப்பைச் சாக்கிட்டுக் கால் விலைக்கு விற்கச் செய்தால் அது யாருக்கு இலாபம்?

பயத்திற்கும் வைத்தியம் உண்டு. 1924ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார், முயலைக் கண்டால் நடுங்குகிற பீட்டர் என்ற குழந்தைக்கு, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலுள்ள முயலை முதலில் தூரத்திலும், பிறகு நாளுக்கு நாள் கிட்டேயும் வைத்துக்கொண்டு வந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. இதில் மந்திரமும் இல்லை, "பயப்படாதே, பயப்படாதே" என்ற அதட்டலும் இல்லை. விலகி ஓட ஓடப் பயம் வளருகிறது. கொஞ்சங் கொஞ்சமாய்க் கிட்டப் போகப் போகக் குறைகிறது.

நாங்கள் செய்ததும் இதுதான். முதலில் ஒரு விளக்குமாறும் கூடையும் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெரு முனை மணலைப் பெருக்கி ஓரம் கட்டினேன். எள்ளு விளக்கு ஏற்றுகிற நேரத்தைவிட அதிகம் ஆகவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் வெறும் மைதானத்திற்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் உட்கார்ந்து எழுந்ததோடு சரி. அடுத்த வாரம் நேராய்ப் போய் இடது கைப் பிரேக்கால் நிறுத்துவது. அப்புறம் பெரிய வட்டம், சிறிய வட்டம், கடைசியில் எட்டு. லைசென்சுக்காக ஒரு நாள் போட்டுக்காட்டிவிட்டு நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோமே, அதே எட்டுத்தான். நானும் போட்டேன். எட்டுக்குள் ஒரு தரம் காலை ஊன்றினேன். துணைவியார் ஊன்றவில்லை. நான் பக்கத்தில் நின்று "பிரேக், பிரேக்" என்று கத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறேன்.

"நம்ம பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்கிறவர்கள் புதுக்கோட்டையைப் பார்க்கட்டும். 1991ஆம் வருஷத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார், பெண்கள் சைக்கிள் வாங்கப் பாங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கூலிக்காரப் பெண்களும், கல்லுடைக்கிற பெண்களும், அங்கன்வாடிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். 1992ஆம் வருஷம் மகளிர் தினத்தன்று ஆயிரத்திற்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டிப் புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். அவர்கள் எல்லோரும் விழாமலா கற்றார்கள்? ஆண்கள் கேலி செய்யாமலா இருந்தார்கள்? ஆயிரம் பேருக்கும் ஒரே நாளில் சனி விலகிப் போயிற்று என்று எந்தப் பஞ்சாங்கமும் எழுதவில்லை.

ஆறாவது வாரம், திங்கட்கிழமை, என் துணைவியார் அதே முனையில் அதே திருப்பத்தில் திரும்பிக் குரோம்பேட்டைக்குப் போய் வந்தார். என் தாயார் இரண்டு மாதம் அந்த வண்டியில் ஏற மறுத்தார். பிறகு முழங்கால் வலி வந்தது. இப்பொழுது சனிக்கிழமைகளில் பின் ஸீட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மருமகள் ஓட்ட, எள்ளுப் பொட்டலத்தோடு கோவில் தெருவுக்குப் போகிறார். மருமகள் அவரை வாசலில் இறக்கிவிட்டு, நேரமாகிவிட்டது என்று கடைக்குப் போய்விடுகிறார்.