படிக்கப் போனது ஒரு குற்றமா?

நன்றாக விளையாடுகிற பையன் என்றால் படிப்பு சுமாராகத்தான் இருக்கும். நன்றாகப் படிக்கிற பையன் என்றால் மைதானம் பக்கமே போகக் கூடாது. இது நம்ம ஊரில் எழுதப்படாத சட்டம். இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஊருக்கும் உழைக்கிறேன் என்று ஒருத்தன் வந்தால், பாராட்டுவதற்கு முன்னால் சந்தேகப்படுவோம். இது நம்ம ஊர் வியாதி மட்டும்தான் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மைரான் ரோல் கதையைப் படித்த பிறகுதான் அமெரிக்காவிலும் இதே வியாதி உண்டு என்று தெரிந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து.

ரோலின் பெற்றோர் பஹாமாஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள். பள்ளி முடிக்கும்போதே நாட்டின் தலைசிறந்த இளம் வீரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கிவிட்டார். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தடுப்பு வரிசையில் கடைசி ஆளாக நிற்கும் 'சேஃப்டி' இடத்தில் ஆடினார். நாலு வருடப் படிப்பை இரண்டரை வருடத்தில் முடித்தார், அதுவும் மருத்துவம் படிப்பதற்கான அடிப்படைப் பாடங்களோடு! அந்தப் பல்கலைக்கழக அணிக்கு 'செமினோல்ஸ்' என்று பெயர். அது ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர். பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டதோடு ரோல் நிற்கவில்லை. செமினோல் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்குப் போய், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, சர்க்கரை நோய் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார். மூன்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இனி சினிமா மாதிரி ஒரு காட்சி. 2008 நவம்பர் 22, சனிக்கிழமை. அன்றைக்கு அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வு. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ஆண்டுக்கு 32 அமெரிக்க மாணவர்களுக்குத்தான் அது கிடைக்கும். அதே நாள் மாலை, மேரிலாந்தில் அவருடைய அணிக்கு மேட்ச். தேர்வில் ஜெயித்து, விமானம் ஏறி, ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து சேர்ந்து, ஆடவும் செய்தார். அணி 37-3 என்று ஜெயித்தது.

சினிமா என்றால் இங்கே சுபம் போட்டுவிடலாம். நிஜத்தில் பிரச்சினையே இதற்குப் பிறகுதான்.

2009ல் தொழில்முறை அணிகளுக்குப் போயிருந்தால் நல்ல பணத்துக்கு எடுத்திருப்பார்கள் என்று பேச்சு இருந்தது. அவர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் மருத்துவ மானுடவியல் படித்தார். திரும்பி வந்தபோது அணிக்காரர்கள் கேட்ட கேள்விகள்தான் கொடுமை. இவனுக்கு விளையாட்டு மேல் உண்மையில் ஆசை இருக்கிறதா? அணியை விட்டுவிட்டுப் படிக்கப் போனது எப்படி இருந்தது என்றே ஓர் அணி கேட்டதாம். கடைசியில் 2010ல் ஆறாவது சுற்றில், 207ஆவது ஆளாக, டென்னசி டைட்டன்ஸ் அவரை எடுத்தது. அங்கும், பிறகு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிலும் இருந்தார். ஆனால் ஒரே ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. 'வாய்ப்புச் செலவு' என்று முதல் வருடமே நடத்துவார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கைவிட்ட இன்னொன்றுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. ரோல் அந்த விலையைக் கொடுத்தார். ஆகவே 'ஆல்ரவுண்டர் என்றால் எல்லாவற்றிலும் ஜெயிப்பான்' என்று பரிசளிப்பு விழாவில் பேசுகிறார்களே, அதை நான் நம்புவதில்லை. மூன்று குதிரையில் சவாரி செய்தால் ஏதாவது ஒன்று கீழே தள்ளத்தான் செய்யும்.

ஆனால் கணக்கை எந்த வருடத்தில் முடிக்கிறோம் என்பது முக்கியம் இல்லையா? 2012ல் பேலன்ஸ் ஷீட் போட்டிருந்தால் ரோல் நஷ்டக் கணக்கு. அந்த வருடத்தோடு அவருடைய கால்பந்து முடிந்தது. 2013ல் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலேயே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2017ல் டாக்டராகி, பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவருடைய கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர், தினமும் இரண்டு சதவீதமாவது முன்னேறு என்று சொல்வாராம். மைதானத்தில் கற்ற அந்தப் பழக்கம்தான் ஆபரேஷன் தியேட்டரிலும் உதவுகிறது என்கிறார் ரோல். அதாவது, விளையாட்டில் போட்ட முதல் வீணாகவில்லை. வேறு கணக்கில் வரவு வைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு விளையாட்டு வீரனின் ஆயுள் சில வருடங்கள். முட்டியில் ஓர் அடி பட்டால் அதுவும் இல்லை. அப்படியிருக்க, 'உனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கக் கூடாது' என்று இருபது வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அவனுக்குக் காயம் பட்டால் அந்த அணி அவனுக்குச் சோறு போடுமா? ஒரே குறியாக இரு என்கிற உபதேசம் பல சமயம் சொல்கிறவருக்கு வசதியாக இருக்கும். கேட்கிறவனுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்.

நாமும் இந்த உபதேசத்தைக் குறைவாகவா செய்கிறோம்? பி.டி. பீரியடில் கணக்கு நடத்தியதும், மேட்ச் ஆடிவிட்டு வந்த நண்பனைப் பார்த்து 'உனக்கென்னப்பா, ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று சிரித்ததும் நாம்தானே. நானும் சிரித்திருக்கிறேன். அடுத்த முறை சிரிப்பதற்கு முன்னால் அந்த 207ஆவது ஆளை நினைத்துக்கொள்வேன் என்று வைத்திருக்கிறேன் :-)

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஆக்ஸ்ஃபோர்டா, அணியா? உங்களுக்கு முன்னால் அந்த இரண்டும் இருந்திருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்?