நால்வரைத் தெரிதல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, திருக்கோணமலை உட்துறைமுக வீதியில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். நண்பர் எம்மை அழைத்தது விருந்துக்கு அன்று, வழக்கொன்றைத் தீர்ப்பதற்கு. அவருடைய மூத்த மகள் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல முறையிற் சித்தியெய்தியிருக்கிறாள். உயர்தர வகுப்பில் எந்தப் பிரிவிற் சேர்வது என்பதே வழக்கு. தந்தையார் கணிதம் என்கிறார். தாயார் உயிரியல் என்கிறார். மகளோ வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் வாய் திறவாதிருப்பதை நம்மவர் சம்மதம் என்று கொள்வது வழக்கம். அவ்வாறு கொண்டு பின்னர் வருந்திய குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆனால் நாம் போய் அமர்ந்தபோது அவ்வீட்டுத் திண்ணையில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பதின்மூன்று வயதுடைய இளைய மகன் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு ஏதோ விளையாடுகிறான். அக்காள் பக்கத்தில் இருந்து கடிந்துகொள்கிறாள்.

"மாமா, நீங்களே சொல்லுங்கள். இவன் நாலு பேரையும் வாள்வீரராகவே எடுத்துவிட்டான். இப்போது நாலு பேருக்கும் நஞ்சு ஏறிவிட்டது. தீர்க்க ஆளில்லை."

என்ன விளையாட்டு என்று விசாரித்தோம். யப்பான் நாட்டிலே ஸ்குவெயர் என்னும் நிறுவனத்தார் 1987 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட 'ஃபைனல் ஃபாண்டசி' என்பதாம். அக்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பட்டது. 2021 ஆம் ஆண்டிலே புதுக்கிய பதிப்பாகக் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. இத்தகைய ஆட்டங்களெல்லாம் சுட்டுத்தள்ளும் ஆட்டங்களே என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அன்று மாலை அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டோம்.

இவ்வகை ஆட்டத்திலே ஆடுபவர் தாமே ஒரு பாத்திரத்தை ஏற்று, சிலரைத் துணை சேர்த்துக்கொண்டு, மந்திரமும் பூதமும் நிறைந்த கற்பனை நாடொன்றிற் பயணம் போகிறார். இதன் வேர் கம்பியூட்டரில் இல்லை. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். தாள், பென்சில், பகடைக்காய்கள், மேசையைச் சுற்றி நண்பர் சிலர், இவ்வளவே தேவை. அதில் முதலில் மூன்றே வகையினர் இருந்தனர்: போர்வீரர், மந்திரவாதி, குருவானவர். திருடர் மறு ஆண்டிலேதான் வந்து சேர்ந்தார். (திருடர் பின்னால் வந்து சேர்வது எங்கும் உள்ளதுதானே!) 1981 இல் வந்த 'விஸார்ட்றி' என்னும் கம்பியூட்டர் ஆட்டத்தில் அறுவர் கொண்ட கூட்டம் புறப்பட்டது; முன்வரிசை மூவர் மாத்திரமே பகைவரைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று தாக்கலாம்.

சிறுவன் ஆடிய ஆட்டத்தின் தொடக்கத்திலே அறுவகை ஆட்கள் வந்து நிற்கின்றனர். வாள்வீரன், திருடன், கைச்சண்டை வல்லோன், காயம் ஆற்றும் வெண்மந்திரவாதி, நெருப்பும் மின்னலும் ஏவும் கருமந்திரவாதி, இரண்டிலும் சிறிது சிறிது கற்ற செம்மந்திரவாதி. இவர்களுள் நால்வரைத் தெரிய வேண்டும். ஒரே வகையினரை நால்வராகவும் எடுக்கலாம், தடையில்லை. நிற்கும் வரிசையைப் பொருட்படுத்தாவிடின் 126 வகைக் கூட்டங்கள் அமையும் என்பதைக் கணிதம் பயிலும் மாணவர் கணித்துப் பார்க்கலாம். ஆனால் வரிசையும் பொருட்படுத்தத்தக்கதே. முதற்பதிப்பிலே பகைவரின் அடியிற் பாதி முதலில் நிற்பவருக்கே விழும்; இரண்டாமவருக்குக் காற்பங்கு; பின்னால் நிற்கும் இருவருக்கும் தலைக்கு அரைக்காற்பங்கு.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்நால்வரை ஒருமுறை தெரிந்தபின் ஆட்டம் முடியும்வரை மாற்ற முடியாது. இடையிலே பகமுத் என்னும் நாகவேந்தன், சோதனையில் வென்று வருவோருக்குப் பதவி உயர்வு தருகிறான். வாள்வீரன் அதன்பின் சில காயமாற்றும் மந்திரங்களையும் ஓதவல்லவனாகிறான். எனினும் அது உயர்வேயன்றி மாற்றமன்று. வெண்மந்திரவாதி இறுதிவரை வெண்மந்திரவாதியே.

மந்திரம் கற்பதிலும் இத்தகைய கண்டிப்பு உண்டு. மந்திரங்கள் எட்டுப் படிகளாக உள்ளன. ஒவ்வொரு படியிலும் வெள்ளையில் நான்கு, கறுப்பில் நான்கு. கடையிற் பணம் கொடுத்து அவற்றை வாங்குதல் வேண்டும். ஆனால் ஒருவர் ஒரு படியில் மூன்றுக்கு மேற் கற்க இயலாது. நாலாவது மந்திரம் கண்ணெதிரே விற்பனைக்கு இருக்கும்; கையிற் பணமும் இருக்கும்; நெஞ்சில் இடம் இராது.

இதைச் சிறுவன் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்காள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் மூன்று பாடந்தானே, மாமா."

நண்பர் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

நாம் உடனே அப்பேச்சிற் புகவில்லை. பெரியோர் பாய்ந்து விழுந்தால் பிள்ளைகள் நத்தைபோல் உள்ளே சுருங்கிவிடுவர். ஆதலாற் சிறுவனிடமே திரும்பி, நாலு வாள்வீரரை ஏன் எடுத்தாய் என்று கேட்டோம். "அடி பலமாக விழும்" என்றான். உண்மைதான். தொடக்கத்திற் சின்னஞ்சிறு பகைவரை நாலு வாளும் துண்டாடிவிடும். சதுப்பு நிலக் குகைக்குள் நுழைந்ததும் கதை மாறிவிடுகிறது. அங்கே கடிக்கும் பிராணிகளுட் பல நஞ்சுடையன. காயமாற்றுவோர் இல்லாதவர் கடையில் மருந்தை வாங்கிச் சுமந்து செல்ல வேண்டும். பழைய பதிப்பிலோ ஒவ்வொன்றாகவே வாங்க வேண்டும். சிறுவனின் பணமெல்லாம் நாலு பேருக்கும் இரும்புக் கவசம் வாங்குவதிற் கரைந்துவிட்டிருந்தது.

அதற்காக வாள்வீரர் நால்வரும் தோல்வியே காண்பர் என்று சொல்ல மாட்டோம். நாலு வெண்மந்திரவாதியரைக் கொண்டே இவ்வாட்டத்தைப் பொறுமையாய் ஆடி முடித்தோரும் உளர். எக்கூட்டத்துக்கும் ஒரு வழி உண்டு. அவ்வழியில் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதிலேதான் வேற்றுமை.

நிற்க. துறைமுகத்து ஊரிலே பிறந்தோர்க்கு ஆள் தெரியும் கலை புதியதன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எமது கீழைக்கடல் அமைதியாயிருக்கும். அப்போது உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிற் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் சற்று நினைவுகூர்க. கயிற்றின் ஒரு தலை கரையில் நிற்கும். தோணி கடலிலே அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டு போய் மறு தலையைக் கரை சேர்க்கும். பின்பு இரு பக்கத்தாரும் அம்பா பாடி இழுப்பர். பார்வையாளருக்கு இழுப்போரின் தோள் வலிமை மாத்திரமே தெரியும். ஆயினும் வலையின் மடிக்கு அருகே நீந்திப் போய், அது கல்லிற் சிக்காமலும் மீன் வெளியே பாயாமலும் பார்த்துக் கைகாட்டும் ஒருவர் உண்டு. அவர் கயிற்றைத் தொடுவதில்லை. அவர் இல்லாத அன்று எத்தனை தோள் இருந்தும் கிழிந்த வலைதான் கரை சேரும். தோள் உள்ளவரை மாத்திரம் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகும் சம்மாட்டியை நாம் இதுவரை கண்டதில்லை.

சுவாமி மலையின் அடியிலே நடந்த ஒன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. 1956 ஆம் ஆண்டில் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் மைக் வில்சன் என்பவரும் இலங்கைக்கு வந்து எமது கடலில் மூழ்கினர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் கற்றூண்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். கிளார்க் எழுத வல்லவர். வில்சன் நீரடியிற் படமெடுக்க வல்லவர். இந்நாட்டுக் கடலையும் அதன் மீன்களையும் நன்கறிந்த ரொட்னி ஜொங்கிளாஸ் என்னும் இலங்கையர் அவர்களுக்கு இங்கே துணையாய் அமைந்தார். மூவரும் எழுத்தாளராயிருந்தால் தூண்களின் படம் கிடைத்திராது. மூவரும் படப்பிடிப்பாளராயிருந்தால் 1957 இல் அந்நூல் வெளிவந்திராது.

இவ்வளவும் சொல்லக் கேட்ட நண்பருக்கு உற்சாகம் பிறந்தது. "அப்படியானால் பாரதத்திலே துரியோதனன் செய்த பிழையும் இதுதான்" என்றார். ஆயுதம் ஏந்தாத கண்ணனை அருச்சுனன் கேட்டுப் பெற, பெரும் படையைப் பெற்றோமே என்று துரியோதனன் மகிழ்ந்து போன கதையைத்தான் குறிப்பிட்டார். நல்ல உவமையே. ஆனால் அவரும் தம் மகள் விடயத்தில் எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. இன்ன பிரிவிற் படித்தால் இத்தனை வேலை, இத்தனை சம்பளம் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தார்.

அந்த ஆட்டத்தின் முதற்பதிப்பிலே ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொருவருக்கும் வலிமை, வேகம், அறிவு என்று எண்கள் தரப்பட்டுள்ளன. மந்திரவாதிக்கு அறிவு மிகுந்தால் மந்திரம் பலிக்கும் என்றே எல்லாரும் நம்பி ஆடினர். நிரல் எழுதியபோது நேர்ந்த பிழையினால் அறிவு என்னும் எண் யாதொரு பயனும் அற்றதாகவே இருந்ததாம்! அறிவு கூடினும் குறையினும் நெருப்பு ஒரே அளவுதான் சுட்டது. இதைக் கேட்டு வீட்டார் அனைவரும் நகைத்தனர். அறிவை எண்ணாற் குறித்துப் பட்டியலிட்டு, அதையே நம்பி ஆளைத் தெரிவோர் வேறு இடங்களிலும் உள்ளனர் என்று நாம் வாய்க்குள் முணுமுணுத்தோம். எவர் காதிலும் விழவில்லை.

சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. "மாற்றிக்கொள்ளக்கூடிய ஆட்டமே இல்லையா, மாமா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எனிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகம் அத்தகையது. அதிலே வீரன் ஒரு மதுச்சாலைக்குச் சென்று துணைவர் மூவரைத் தெரிந்தெடுக்கிறான். போர்வீரர், மந்திரவாதி, குரு ஆகியோருடன் வணிகரும் கோமாளியும் அங்கே உண்டு. வணிகரின் கதை மனத்தை உருக்குவது. காட்டு வெளியிலே ஊரொன்று சமைக்க விரும்பும் முதியவர் ஒருவர் வணிகர் ஒருவரைத் தந்துவிட்டுப் போகுமாறு கேட்கிறார். விட்டுவிட்டு நாம் நம் வழியே போகிறோம். மீண்டும் மீண்டும் வந்து பார்க்கையில் ஊர் வளர்ந்திருக்கும். கடைசியில் ஊராரே கிளர்ந்தெழுந்து அந்த வணிகரைச் சிறையில் அடைத்திருப்பர்.

கோமாளியோ போர்க்களத்தில் நின்று கூத்தாடுவான். சொன்ன சொற் கேளான். ஆயினும் இருபதாம் படியை எட்டியவர் ஒரு கோயிலுக்குச் சென்று தொழிலை மாற்றிக்கொள்ளலாம். ஞானியாவதற்கு மற்றையோருக்கு அரிய நூலொன்று தேவை. கோமாளிக்கு மாத்திரம் அது வேண்டா. ஆனால் தொழில் மாற்றுவோர் எவராயினும் மீண்டும் முதலாம் படிக்கே இறங்க வேண்டும். வலிமையிற் பாதியை இழக்க வேண்டும். கற்ற மந்திரங்கள் மாத்திரம் கைவிட்டுப் போகா.

"பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கோயில் இருக்கிறதா?"

இக்கேள்விக்கு உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். நாமும் ஒரு காலத்திற் பெற்றோர் விருப்பின்படி விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்தவர். பரீட்சையில் ஒருமுறை தவறி, கலைப் பிரிவுக்கு மாறி, முதலாம் படியிலிருந்து தொடங்கினோம். உடன் படித்தோர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நாம் இளைய மாணவரோடு வாங்கில் அமர்ந்திருந்தோம். அவ்வாண்டுகள் வீணாயின என்று சொல்ல மாட்டோம். அன்று கற்ற பௌதிகம் இன்றும் சில கட்டுரைகளில் உதவுகிறது. ஆனால் அந்த வாங்கின் வெட்கத்தை மறந்துவிட்டோம் என்றாற் பொய்யாகும். இதனை நண்பரின் முகத்தைப் பாராமலே சொல்லி முடித்தோம்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. துறைமுகப் பக்கமிருந்து கப்பலொன்றின் ஊதல் கேட்டது. பின்பு சிறுமி, "புவியியல், பொருளியல், தமிழ்" என்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் போல ஒரே மூச்சிற் சொன்னாள். தாயார் குசினி வாசலில் நின்று அதனைக் கேட்டார். நண்பர் தமது தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "புவியியல் படித்து என்ன செய்வாய்?" என்றார். கேட்ட குரலிற் கோபம் இல்லை. அவளும் விடை சொல்லத் தொடங்கினாள்: துறைமுகம், கரையோரம், நில அளவை, நகர அமைப்பு என்று நெடுநேரம் சொல்லிக்கொண்டு போனாள். அவ்வளவு பேசுவாள் என்று அன்றுவரை எமக்கே தெரியாது.

நாம் விடைபெற எழுந்தபோது சிறுவன் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியிருந்தான். வாள்வீரன் ஒருவன், கைச்சண்டை வல்லோன் ஒருவன், கருமந்திரவாதி ஒருவன். நாலாவதாக ஒரு வெண்மந்திரவாதி. அதற்கு 'அக்கா' என்று பெயரிட்டிருந்தான். ஆங்கில எழுத்தில் அது நான்கே எழுத்து. பழைய பதிப்பில் ஒரு பெயருக்கு அதற்கு மேல் இடம் இருந்ததில்லை.

"என்னை ஏனடா கடைசியில் வைத்தாய்?" என்றாள் அவள்.

"அங்கேதான் அடி குறைவு" என்றான்.