ஈக்குவேஷன் பேலன்ஸ் ஆனால் வினை நடந்துவிடுமா?

போன வாரம் கெமிஸ்ட்ரி டெஸ்ட். சோடியம் குளோரைடு கரைசலோடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் ஜோடியை மாற்றிப் போட்டு, பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் கிடைக்கும் என்று எழுதினோம் (நானும்தான்!). ஈக்குவேஷன் அழகாக பேலன்ஸ் ஆனது. முழு மார்க்கும் விழுந்தது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஏனென்றால் அந்த டெஸ்ட் ட்யூபில் ஒன்றுமே நடக்காது. கலப்பதற்கு முன்னாலும் நான்கு அயனிகளும் தனித்தனியாகத் தண்ணீரில் திரிந்தன. கலந்த பிறகும் அப்படியேதான் திரிகின்றன. இரண்டு பஸ்ஸில் வந்தவர்கள் ஒரே ஸ்டாண்டில் இறங்கினால் புதுச் சொந்தமா ஆகிவிடும்?

அதே உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பாருங்கள். தயிர் போல வெள்ளை வீழ்படிவு. சாப்பாட்டு உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். வெள்ளி குளோரைடோ சுமார் 2 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் கரைசலை விட்டு வெளியே வந்தாக வேண்டும். திடப்பொருளாகவோ, வாயுவாகவோ, அமிலமும் காரமும் சேரும்போது போலத் தண்ணீராகவோ, அயனிகளில் ஏதாவது கரைசலை விட்டுக் கழல்கிறதா? கேட்க வேண்டியது இதைத்தான்.

"கரைதிறன் அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதுமே" என்பான் என் நண்பன். போதாது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் பேரியம் சல்பேட் கலந்த பானம் குடிக்கத் தருவார்கள். பேரியம் அயனி விஷம். ஆனால் சல்பேட் கரையாது, வந்த வழியே போய்விடும். பேரியம் கார்பனேட்? அட்டவணையில் அதுவும் 'கரையாது' பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லையே, ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பனேட், கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் கழன்று போய்விடும். பேரியம் கரைந்து ரத்தத்தில் ஏறும்.

பிரேசிலில் 2003-ல் இதுதான் நடந்தது. எக்ஸ்ரேக்குத் தந்த பேரியம் சல்பேட் மருந்தில் கார்பனேட் கலந்திருந்தது. குடித்தவர்களில் பலர் இறந்தார்கள். பேரியம் விஷத்துக்குத் தரும் முறிவு என்ன தெரியுமா? சோடியம் சல்பேட் மாதிரி கரையக்கூடிய ஒரு சல்பேட்! குடலில் இருக்கும் பேரியத்தை மறுபடி வீழ்படிவாக்கிவிடும். ப்ளஸ் டூ லேபில் நாம் செய்கிற அதே சல்பேட் சோதனைதான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஜோடி மாற்றும் விளையாட்டாக்கி அதற்கு மார்க்கும் போடுகிறார்கள். "வினை நடக்காது" என்பதை விடையாக எழுத இதுவரை யாருமே எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

வாங்கிய மார்க்கைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. ஆனால் அடுத்த டெஸ்டில் இதே கேள்வி வந்தால், அந்த இரண்டு வார்த்தையைத்தான் எழுதுவேன். மார்க் போனால் போகட்டும்.