விலக்கப்பட்ட பெயர்

ஒரு குடிப்பெயரின் பெருமை அதன் பிறப்பிலே உள்ளதா? அன்றி, அதனைத் தாங்கியோர் பட்ட பாட்டிலே உள்ளதா? ஸ்கொத்லாந்து நாட்டு மக்கிரெகர் என்னும் பெயரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

'மக்' என்பது கேலிக் மொழியில் மகனைக் குறிக்கும். கிரெகர் என்பது 'விழிப்புடையோன்' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரின் திரிபு. ஆகவே, கிரெகரின் மகன் என்பதே பொருளாம். மக், மகன் என்னும் ஒலியொப்புமை கண்டு நம்மவர் சிலர் உறவு கொண்டாடவுங் கூடும். கேலிக்கின் இனமொழியாகிய வேல்ஸ் மொழியில் அச்சொல்லே 'மாப்' என நிற்றலை நோக்குவோர் அவ்வாறு துணியார். ஒலி ஒத்தல் வேறு. இனம் ஒத்தல் வேறு.

'எம் குலம் அரச குலம்' என்பது அக்குடியினரின் முழக்கம். ஒன்பதாம் நூற்றாண்டு மன்னன் அல்பினின் வழியினர் தாம் என்பர். அது மரபுக்கதையேயன்றிச் சான்றால் நிறுவப்பட்டதன்று.

சான்றுடைய பெருமை வேறொன்று உண்டு. 1603ஆம் ஆண்டு பெப்ரவரியில் இக்குடியினர் கிளென் புரூயின் என்னுமிடத்தில் கஹூன் குடியினரைப் போரில் வென்று பலரைக் கொன்றனர். ஆறாம் ஜேம்ஸ் மன்னன் இங்கிலாந்தின் அரியணை ஏறப் புறப்படுதற்கு இரு நாள் முன்னர், ஏப்ரல் 3இல், மந்திராலோசனைச் சபை மக்கிரெகர் என்னும் பெயரையே ஒழித்து ஆணையிட்டது. அப்பெயரை வழங்குவோர்க்குத் தண்டனை மரணம்! 1661இல் நீங்கிய அத்தடை 1693இல் மீண்டது. 1774இலேயே முற்றாக ஒழிந்தது. இடையீடு நீக்கி எண்ணினும் 139 ஆண்டுகள்! அக்குடியினர் மரே, டிரமண்ட், காம்பெல் முதலிய பிறர் பெயர்களுள் மறைந்து வாழ்ந்தனர். வோல்ட்டர் ஸ்கொட் 1817இல் புதினமாக்கிய ரொப் ரோயும் தன் தாய்வழிப் பெயராகிய காம்பெல் என்பதனையே பூண்டான்.

அவர்கள் குற்றமற்றவர் என யாம் வாதாடவில்லை. ஆநிரை கவர்தலும் கொலையும் அவர்பால் இருந்தன. குற்றஞ் செய்தவனை ஒறுத்தல் அரசின் கடன். பெயரை ஒறுத்தலோ, தொட்டிற் குழவியையும் குற்றவாளியாக்குதலன்றோ? அது முறையாகாது, பயன்தருவதும் அன்று. தடை நீங்கியதும் பலர் பழைய பெயரை மீண்டும் ஏற்றனர். வாயால் வழங்கலாகாப் பெயரை நெஞ்சிலே காத்துத் தம் மக்கட்குக் கையளித்தவர்கள் அவர்கள்.

ஆதலின், பெயராராயும் மாணவர் வேர்ச்சொல் கண்ட அளவில் அமைதல் தகாது. அல்பின் மன்னனைத் தேடியலைதலினும், அந்த 139 ஆண்டுகளையும் ஆராய்தல் நன்று.